எண்ணிக்கையும் இரக்கமும்: அகதிச் சிறாரும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும்

பெற்றோர் உடன் இல்லாமல் நாடு கடந்து வந்து தஞ்சம் கேட்கும் பிள்ளைக்கு பிரிட்டனில் இரண்டு சட்டங்கள் பொருந்துகின்றன. 1989ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாத அப்பிள்ளை ஆதரவற்ற குழந்தை. அது எந்த வட்டாரத்தில் கால் வைக்கிறதோ அந்த வட்டாரத்தின் உள்ளாட்சி மன்றம் அதற்குத் தங்க இடம் தந்து பராமரித்தாக வேண்டும். அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு பிள்ளையின் நாடு எது என்று கேட்பதில்லை. குடிவரவுச் சட்டங்களின்படியோ அதே பிள்ளை அனுமதி இல்லாமல் நுழைந்த வெளிநாட்டார். முதல் சட்டம் சமூகப் பணியாளர் கையில் இருக்கிறது, இரண்டாவது உள்துறை அமைச்சகத்தின் கையில். பிள்ளையைக் காப்பாற்றும் கடமை ஓரிடத்திலும், நாட்டுக்குள் விடும் அதிகாரம் வேறிடத்திலும், செலவுக்கான பணம் மூன்றாவதாகக் கருவூலத்திலும் கிடக்கின்றன. அகதிச் சிறார் குறித்து வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த பெரிய வாதங்கள் பெரும்பாலும் இந்தப் பிளவிலிருந்து கிளம்பியவை.

அவையில் பேசப்பட்டதைக் கேட்டால், வாதம் இரக்கத்துக்கும் எல்லைப் பாதுகாப்புக்கும் இடையே நடப்பதாகத் தோன்றும். இரு தரப்பிலும் உருக்கமான உரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எத்தனை பிள்ளைகள் உண்மையில் வந்து சேர்ந்தார்கள் என்பதை அந்த உரைகள் முடிவு செய்யவில்லை. எண்ணிக்கையை வகுப்பது யார், செலவைச் சுமப்பது யார் என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளே அதை முடிவு செய்தன.

1938: வரம்பில்லாத அனுமதி, பணமில்லாத அரசு

1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் தொழுகைக் கூடங்களும் கடைகளும் கொளுத்தப்பட்டன. பல்லாயிரம் ஆண்கள் வதைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். நவம்பர் 15 அன்று பிரிட்டிஷ் யூதத் தலைவர்கள் பிரதமர் நெவில் சேம்பர்லினைச் சந்தித்துப் பிள்ளைகளையாவது உள்ளே விடும்படி கேட்டார்கள். நவம்பர் 21 அன்று தொழிற்கட்சி உறுப்பினர் பிலிப் நோயல்-பேக்கர் மக்களவையில் அகதிகள் பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். உள்துறை அமைச்சர் சாமுவேல் ஹோர் பதிலளித்தார்.

ஹோரின் பதிலில் இரண்டு பகுதிகள் இருந்தன. நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது. அகதிகள் பெருகினால் யூத வெறுப்பு தலைதூக்கும். ஆகவே பெரியவர்களை ஆராய்ந்துதான் அனுமதிக்க முடியும் என்பது ஒன்று. பிள்ளைகளைப் பொறுத்தவரை பராமரிப்புக்கு உத்தரவாதம் இருந்தால் தடையில்லை, சம்பிரதாயங்கள் தளர்த்தப்படும் என்பது மற்றது. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உச்சவரம்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை. டிசம்பர் 1 அன்று பெர்லினிலிருந்து முதல் குழு கிளம்பியது. ஏறத்தாழ 200 பிள்ளைகள் மறுநாள் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கினார்கள். அனுமதியிலிருந்து வந்திறங்கும் வரை பதினோரு நாட்கள். அதற்குப் பிந்திய எந்தச் சட்டமும் இந்த வேகத்தைக் கண்டதில்லை.

வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. பொதுப்பணத்தில் ஒரு பென்னி கூடச் செலவழிக்கப்படாது என்பதே அரசின் நிபந்தனை. அதற்கு முந்திய ஆண்டு, 1937 மே மாதம், ஸ்பானிய உள்நாட்டுப் போரிலிருந்து ஏறத்தாழ 4,000 பாஸ்க் பிள்ளைகள் கப்பலில் சவுத்தாம்ப்டன் வந்தபோதும் அதே நிபந்தனைதான். யூதப் பிள்ளைகளுக்காகத் தொண்டு அமைப்புகள் நிதி திரட்டின. 1939இல் தலைக்கு 50 பவுண்டு பிணைத்தொகையும் கேட்கப்பட்டது. பிள்ளை பின்னாளில் நாட்டைவிட்டுக் கிளம்பும் செலவுக்காக அந்தத் தொகை. அதாவது பிள்ளைகள் தற்காலிக விருந்தாளிகள் என்பதே அரசின் கணக்கு. ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 10,000 பேர் வந்தார்கள். 1939 ஆகஸ்ட் இறுதியில் அமைப்பாளர்களிடம் பணம் தீர்ந்துபோயிருந்தது. செப்டம்பர் 1 அன்று பிராகாவிலிருந்து கிளம்பவிருந்த ரயில் போரால் நின்றுபோனது. வந்தவர்களில் மிகப் பலரின் பெற்றோர் திரும்பக் கிடைக்கவில்லை. பெற்றோரை உள்ளே விடுவதில்லை என்ற முடிவு இந்தத் திட்டத்தின் மறுபக்கம். இன்றைய நினைவு விழாக்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

அதே ஆண்டில் அமெரிக்கா வேறு வழியில் முயன்றது. செனட்டர் ராபர்ட் வாக்னரும் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் எடித் நோர்ஸ் ராஜர்ஸும் கொண்டுவந்த மசோதா, இரண்டு ஆண்டுகளில் 20,000 ஜெர்மானியப் பிள்ளைகளைக் குடிவரவு ஒதுக்கீட்டுக்கு வெளியே அனுமதிக்கும்படி கேட்டது. எண் வெளிப்படையாக இருந்தது. எதிர்ப்பாளர்கள் அதையே குறிவைத்தார்கள். மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் குழுநிலையில் இறந்தது. எண்ணைச் சட்டத்தில் எழுதுவதில் இருக்கும் ஆபத்துக்கு இது சான்று. எழுதாமல் விடுவதில் இருக்கும் ஆபத்தைப் பின்னாளில் பிரிட்டன் காட்டியது.

அடைபட்ட வழிகள்

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்ட பிறகு, நாட்டுக்குள் வந்துவிட்டவரின் தஞ்சக் கோரிக்கையை விசாரிக்க வேண்டிய கடமை உண்டு. வருவதற்கு வழிவிடும் கடமை அந்த ஒப்பந்தத்தில் இல்லை. இந்த இடைவெளியை அரசுகள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. அதில் இலங்கைத் தமிழர்களின் பெயரும் பதிந்திருக்கிறது. 1983 படுகொலைகளுக்குப் பிறகு லண்டனில் வந்திறங்கிய தமிழர்களின் எண்ணிக்கை உயரவே, 1985இல் இலங்கைக் குடிமக்களுக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு பிரிட்டன் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய 58 தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்களில் சிலர் விமான நிலையத் தளத்திலேயே ஆடைகளைக் களைந்து போராடினார்கள். அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் புதிய மசோதாவை அறிவித்தார். விசா இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் விதித்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப் பிறந்தது.

அதன் பிறகு எல்லைக் காவல் தொலைதூர விமான நிலையங்களின் பயணச்சீட்டுச் சாளரங்களுக்கே போய்விட்டது. தஞ்சம் கேட்பதற்கென்று விசா ஒன்று கிடையாது. விசா இல்லாமல் விமானம் ஏற முடியாது. ஆகவே லாரியும் படகும் மிஞ்சின. நாடாளுமன்றத்தில் எந்த ஆண்டிலும் ஒலிக்கும் 'முறையான வழியில் வரட்டும்' என்ற வாதத்தை எடைபோடும்போது, முறையான வழி எப்போது, யாரால் மூடப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிறாருக்கு ஒரு சிறு வழி ஐரோப்பிய ஒன்றியத்தின் மூலம் கிடைத்தது. தஞ்சக் கோரிக்கையை எந்த நாடு விசாரிப்பது என்பதை வகுக்கும் டப்ளின் ஒழுங்குவிதியின் 2013ஆம் ஆண்டு வடிவம், துணையற்ற சிறாரின் நெருங்கிய உறவினர் வேறொரு உறுப்பு நாட்டில் முறையாக வாழ்ந்தால், பிள்ளையின் நலனுக்கு உகந்தபட்சத்தில் அந்த நாடே கோரிக்கையை ஏற்கவேண்டும் என்றது. உள்நாட்டுச் சட்டமும் இதே காலத்தில் சற்று இளகியது. ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையை 1991இல் ஏற்றபோது, குடிவரவு விஷயத்தில் தனக்கு விலக்கு வைத்துக்கொண்ட பிரிட்டன் 2008இல் அந்த விலக்கைக் கைவிட்டது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, குடிவரவு அதிகாரிகளும் சிறாரின் நலனைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்றது. துணையற்ற சிறாரைக் காவலில் வைப்பதற்கு 24 மணி நேர வரம்பை 2014ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

2016: பிரபுவின் திருத்தம்

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய ஒரு சிரியக் குழந்தையின் உடலைக் காட்டிய படம் உலகெங்கும் அச்சானது. சில நாட்களில் பிரதமர் டேவிட் கேமரன், 2020க்குள் 20,000 சிரியர்களைக் குடியமர்த்துவதாக அறிவித்தார். அவர்கள் அனைவரும் சிரியாவின் அண்டை நாடுகளிலுள்ள அகதி முகாம்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஏற்கெனவே ஐரோப்பாவை அடைந்துவிட்டவர்களை பிரிட்டன் எடுக்காது என்பது அந்த அறிவிப்பின் உள்ளடக்கம். கிரேக்கத் தீவுகளிலும் இத்தாலியிலும் பிரான்சின் கலே முகாமிலும் தனியாக இருந்த பிள்ளைகள் இந்த வரையறைக்கு வெளியே நின்றார்கள். 2015இல் ஐரோப்பாவுக்கு 26,000 துணையற்ற சிறார் வந்திருப்பதாகக் கணக்கிட்ட 'சேவ் த சில்ரன்' அமைப்பு, 3,000 பேரை ஏற்பது பிரிட்டனின் நியாயமான பங்கு என்றது. பதிவான பிள்ளைகளில் குறைந்தது 10,000 பேரைக் காணவில்லை என்று 2016 ஜனவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் எச்சரித்தது.

அந்த 3,000 என்ற எண்ணைக் குடிவரவு மசோதாவில் திருத்தமாகச் சேர்த்தவர் ஆல்ஃப் டப்ஸ். 1932இல் பிராகாவில் பிறந்தவர். 1939இல் நிகோலஸ் விண்டன் ஏற்பாடு செய்த ரயில்களில் வந்து தப்பிய 669 பிள்ளைகளில் ஒருவர். பின்னர் பாட்டர்சீ தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர், அகதிகள் மன்றத்தின் இயக்குநர், 1994 முதல் பிரபுக்கள் அவை உறுப்பினர். வாழ்க்கையே வாதமாக அமைந்துவிட்ட மனிதருக்கு எதிராகப் பேசுவது எந்த அமைச்சருக்கும் எளிதல்ல. 2016 மார்ச் 21 அன்று பிரபுக்கள் அவை 306க்கு 204 என்ற வாக்கில் திருத்தத்தை ஏற்றது.

அரசின் எதிர்வாதத்தைக் குடிவரவுத் துறை அமைச்சர் ஜேம்ஸ் புரோக்கன்ஷயர் முன்வைத்தார். ஐரோப்பாவை அடைந்த பிள்ளைக்கு பிரிட்டன் இடம் தந்தால், மேலும் பல குடும்பங்கள் பிள்ளைகளைக் கடத்தல்காரர்களிடம் ஒப்படைத்துக் கடலில் அனுப்பும். பிரான்சும் கிரேக்கமும் சட்டத்தின் ஆட்சி உள்ள நாடுகள். அங்கே இருக்கும் பிள்ளை அவற்றின் பொறுப்பு. போர்ப் பகுதிக்கு அருகிலிருந்து நேரடியாக அழைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. இதை மெய்ப்பிக்க, மேற்கு ஆசியாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆபத்திலுள்ள சிறாரும் அவர்களது குடும்பத்தாருமாக 3,000 பேர் வரை அழைக்கும் திட்டம் ஏப்ரல் 21 அன்று அறிவிக்கப்பட்டது. எதிர்த்தரப்பு கேட்ட அதே எண்ணை வேறொரு நிலப்பரப்புக்கு அறிவித்தது தற்செயலாக இருக்க முடியாது.

இந்த வாதத்தை வெறும் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. கடத்தல்காரர்கள் ஒவ்வொரு அறிவிப்பையும் விளம்பரமாக்குவார்கள் என்பது மெய். ஆனால் திருத்தம் பேசியது இனிமேல் வரப்போகும் பிள்ளைகளைப் பற்றி அல்ல, ஏற்கெனவே வந்து சேற்றில் கிடப்பவர்களைப் பற்றி. பிரான்ஸ் பாதுகாப்பான நாடாக இருக்கலாம்; கலே முகாம் பாதுகாப்பான இடமாக இல்லை. அப்போது நிழல் அமைச்சராக இருந்த கீர் ஸ்டார்மர், இவெட் கூப்பர் ஆகியோர் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து இதை வலியுறுத்தினார்கள். ஏப்ரல் 25 அன்று மக்களவை 294க்கு 276 என்ற வாக்கில் திருத்தத்தை நிராகரித்தது. பதினெட்டு வாக்கு வித்தியாசம். ஆளுங்கட்சியிலும் சங்கடப்பட்டவர்கள் இருந்தார்கள்.

இங்கே ஒரு நடைமுறை விதி கதையின் போக்கைத் திருப்பியது. வரவு செலவு விஷயங்களில் மக்களவையின் சொல்லே இறுதி என்பது 1671, 1678ஆம் ஆண்டுகளின் தீர்மானங்களிலிருந்து வரும் உரிமை. ஒரு திருத்தம் பொதுநிதிக்குச் செலவு வைக்கும் என்று காரணம் காட்டி மக்களவை நிராகரித்தால், பிரபுக்கள் அதையே மறுபடி வலியுறுத்துவதில்லை. 3,000 பிள்ளைகள் என்றால் செலவு தெளிவாகத் தெரியும். ஆகவே டப்ஸ் மறுநாளே எண்ணை எடுத்துவிட்டு, 'குறிப்பிட்ட எண்ணிக்கை' என்று மட்டும் எழுதிய புதிய திருத்தத்தைக் கொண்டுவந்தார். 279க்கு 172 என்ற வாக்கில் அது நிறைவேறியது. கீழவையில் அடுத்த வாக்கெடுப்பில் தோற்றுவிடலாம் என்று ஆளுங்கட்சிக் கொறடாக்கள் அஞ்சிய நிலையில், மே 4 அன்று கேமரன் இறங்கிவந்தார். 1938உடன் ஒப்பிடுவதை முந்திய வாரம் மறுத்தவர் அவர். மார்ச் 20க்கு முன் ஐரோப்பா வந்தவர்கள் மட்டுமே தகுதியுடையவர்கள் என்ற நிபந்தனை உடன் வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாடு நடைமுறைக்கு வந்த நாள் அது.

இந்தத் தேதி நிபந்தனை கவனிக்கத் தக்கது. இனி வருபவர்களுக்கு இடமில்லை என்று ஒரு நாளைக் குறித்துவிட்டால் ஈர்ப்பு பற்றிய அச்சம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அரசே கண்டுபிடித்த இந்தத் தீர்வை மார்ச் மாதத்திலேயே முன்வைத்திருந்தால், 3,000 என்ற எண்ணை எதிர்க்க நிதிக் காரணத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்காது.

350, பிறகு 480

மே 12 அன்று மசோதா சட்டமானது. அதன் 67ஆம் பிரிவு, துணையற்ற அகதிச் சிறாரில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை ஐரோப்பிய நாடுகளிலிருந்து இயன்ற விரைவில் அழைத்துவர உள்துறை அமைச்சரைக் கட்டாயப்படுத்தியது. எத்தனை பேர் என்பதை உள்ளாட்சி மன்றங்களைக் கலந்து அரசு முடிவு செய்யும். கடமை கட்டாயமானது, அளவு அமைச்சரின் கையில். திருத்தத்துக்கு வாக்களித்தவர்கள் மனத்தில் இன்னும் 3,000 இருந்தது. சட்டத்தில் அது இல்லை.

அக்டோபரில் பிரான்ஸ் கலே முகாமை இடித்தபோது 750க்கு மேற்பட்ட பிள்ளைகள் அவசரமாக பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 200 பேர் மட்டுமே 67ஆம் பிரிவின்கீழ் வந்தவர்கள். மற்றவர்கள் உறவினரை நாடி வந்தவர்கள். 2017 பிப்ரவரி 8 அன்று அமைச்சர் ராபர்ட் குட்வில் எழுத்து வடிவ அறிக்கை ஒன்றைத் தாக்கல் செய்தார்: மொத்த எண்ணிக்கை 350. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகும் அறிவிப்புக்கான மசோதாவின் மூன்றாம் வாசிப்பு வாக்கெடுப்பு மக்களவையில் நடந்த நாள் அது. நாட்டின் கவனம் முழுக்க அங்கே இருந்தது.

350 வந்த விதம் ஆட்சி நிர்வாகம் படிப்பவர்களுக்குப் பாடமாகும். நிதியாண்டு முடிவு வரை 400 இடங்கள் தர முடியும் என்று உள்ளாட்சி மன்றங்கள் கூறியிருந்தன. உறவினரை நாடி வந்த பிள்ளைகளில் சிலரை அந்த உறவினர் வைத்துப் பராமரிக்க முடியாமல் போகும், அவர்களுக்கு 50 இடங்கள் வேண்டும் என்று அமைச்சகம் கழித்துக்கொண்டது. மிச்சம் 350. இரண்டு மாதங்களில் இன்னோர் உண்மை வெளிவந்தது: ஒரு பிராந்தியம் தருவதாகச் சொன்ன 130 இடங்கள் நிர்வாகப் பிழையால் கணக்கில் சேராமல் போயிருந்தன. எண்ணிக்கை 480 ஆனது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வாரக்கணக்கில் மோதிய விஷயத்தில், 130 பிள்ளைகளின் கதி ஒரு கூட்டல் பிழையில் தொங்கியிருக்கிறது.

மன்றங்கள் ஏன் அதிக இடம் தரவில்லை என்பதற்கு அவற்றைக் குறைசொல்லிப் பயனில்லை. 2016 ஜூலையில் உள்துறை அமைச்சகம் வகுத்த உதவித்தொகை, பதினாறுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 114 பவுண்டு, 16, 17 வயதினருக்கு 91 பவுண்டு. வளர்ப்புக் குடும்பம், சமூகப் பணியாளர், மொழிபெயர்ப்பாளர், வழக்குச் செலவு என்று சேர்த்தால் இது போதாது என்று மன்றங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. சிக்கன ஆண்டுகளில் அவற்றின் மத்திய மானியம் வெட்டப்பட்டிருந்தது. 'உங்களால் எத்தனை முடியும்?' என்ற கேள்வியைப் பணம் தராமல் கேட்டால் சிறிய எண்தான் பதிலாக வரும். 1938இல் தொண்டு அமைப்புகளின் உண்டியல் விதித்த வரம்பை 2017இல் உள்ளாட்சி வரவு செலவுத் திட்டம் விதித்தது.

'ஹெல்ப் ரெஃப்யூஜீஸ்' அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. கலந்தாலோசனையில் குறையிருந்தது என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஆனால் கலேயில் நிராகரிக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் போதுமானவை அல்ல, அது நியாயமான நடைமுறைக்கு விரோதம் என்று 2018 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 480 பேரும் வந்து முடிந்ததாக அரசு அறிவித்தபோது 2020 ஜூலை ஆகிவிட்டது. 1938இல் பதினோரு நாட்களில் தொடங்கிய வேலைக்கும் இதற்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேறு அளவுகோல் தேவையில்லை.

விலகலுக்குப் பிறகு

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகினால் டப்ளின் ஒழுங்குவிதியும் போய்விடும். இதை முன்கூட்டியே உணர்ந்த டப்ஸ் 2018ஆம் ஆண்டு விலகல் சட்டத்தில் 17ஆம் பிரிவைச் சேர்க்கச் செய்தார். ஐரோப்பாவில் இருக்கும் துணையற்ற சிறார் பிரிட்டனிலுள்ள உறவினருடன் சேர்வதற்கான உடன்பாட்டைப் பேசும்படி அது அரசைக் கட்டாயப்படுத்தியது. 2019 டிசம்பர் தேர்தலில் பெரும்பான்மை பெற்ற போரிஸ் ஜான்சன் அரசு அந்தக் கடமையை நீக்கி, நாடாளுமன்றத்தில் கொள்கை அறிக்கை வைத்தால் போதும் என்று மாற்றியது. பேச்சுவார்த்தையில் அரசின் கையைக் கட்டக்கூடாது என்பது காரணம். 2020 ஜனவரியில் பிரபுக்கள் அவை எதிர்த்து வாக்களித்தது. மறுநாள் மக்களவை 342க்கு 254 என்று அதைக் கவிழ்த்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 18 ஆக இருந்த வித்தியாசம் 88 ஆகியிருந்தது. வாதங்கள் மாறவில்லை, இருக்கைகள் மாறியிருந்தன. 2020 டிசம்பர் 31 அன்று டப்ளின் வழி மூடப்பட்டது.

அதே ஆண்டுகளில் ஆங்கிலக் கால்வாயைச் சிறுபடகில் கடப்பவர்களின் எண்ணிக்கை ஏறியது. 2018இல் 299 பேர். 2022இல் 45,000க்கு மேல். அவர்களில் துணையற்ற சிறாரும் இருந்தார்கள். பெரும்பாலோர் கெண்ட் மாவட்டக் கரையில் இறங்கியதால் சட்டப்படி கெண்ட் மன்றமே அவர்களுக்குப் பொறுப்பு. இடமில்லை என்று அது 2020இலும் 2021இலும் புதிய பிள்ளைகளை ஏற்பதை நிறுத்தியது. 2021 ஜூலையிலிருந்து உள்துறை அமைச்சகம் பிள்ளைகளை ஹோட்டல்களில் தங்கவைத்தது. 2023 ஜனவரியில் அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் மக்களவையில் தந்த கணக்கு: ஹோட்டல்களில் தங்கிய 4,600 சிறாரில் காணாமற்போன நிகழ்வுகள் 440, அதுவரை கிடைக்காதவர்கள் 200 பேர். பெற்றோர் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு எந்த அமைச்சரும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. பதில் அந்த ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது: ஹோட்டல்களை வழக்கமான ஏற்பாடாக்கியது சட்டவிரோதம், பிள்ளைகளை ஏற்க மறுத்த கெண்ட் மன்றமும் சிறார் சட்டத்தை மீறியது. மற்ற மன்றங்கள் சுமையைப் பகிரும் தேசிய இடமாற்றத் திட்டம் 2016இல் விருப்பத் திட்டமாகத் தொடங்கி, இந்த நெருக்கடியில்தான் கட்டாயமானது.

பிள்ளையா, பெரியவரா என்ற சச்சரவும் இதே காலத்தில் முற்றியது. 2016இல் கலேயிலிருந்து வந்தவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, பல்லைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு மக்களவை உறுப்பினர் கோரினார். பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கம் அது தொழில் அறத்துக்குப் புறம்பானது என்றது. வயது என்பது நீதிமன்றம் முடிவு செய்யவேண்டிய உண்மை என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே கூறியிருந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் பல், மணிக்கட்டு ஆகியவற்றின் எக்ஸ்ரேயையும் முழங்கால், காறை எலும்பு ஆகியவற்றின் எம்ஆர்ஐ படத்தையும் அனுமதித்தன. எந்த முறையாலும் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்று அரசு அமைத்த அறிவியல் குழுவே தெரிவித்திருந்தது. பெரியவர் ஒருவர் சிறாரோடு தங்கவைக்கப்படுவதும் ஆபத்து, பிள்ளை ஒன்று பெரியவர்களோடு அடைக்கப்படுவதும் ஆபத்து. அவையில் முதல் ஆபத்தே அதிகம் பேசப்பட்டது.

2023ஆம் ஆண்டின் சட்டவிரோதக் குடியேற்றச் சட்டம் எல்லைப் பாதுகாப்பை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனது. அனுமதியின்றி வந்த அனைவரையும் அகற்றுவது உள்துறை அமைச்சரின் கடமை. துணையற்ற சிறாருக்குப் பதினெட்டு வயது வரை அந்தக் கடமை பொருந்தாது, சில சூழல்களில் அகற்றும் அதிகாரம் மட்டும் உண்டு. பதினெட்டாவது பிறந்தநாளில் விலக்கு முடியும். வளர்ப்புக் குடும்பத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழ்ந்து பள்ளியில் படிக்கும் ஒருவர் அந்த நாளை எப்படி எதிர்கொள்வார் என்று பிரபுக்கள் அவையில் பலர் கேட்டார்கள். சிறாரைக் காவலில் வைக்கும் கால அளவு உள்ளிட்ட விஷயங்களில் அவைகளுக்கிடையே மசோதா பலமுறை போய்வந்தது; துணையற்ற சிறார் எட்டு நாட்களுக்குப் பிறகு பிணை கேட்கலாம் என்ற அளவுக்கு அரசு இறங்கியது. மசோதா சட்டமான அதே ஜூலை மாதத்தில், கெண்டில் சிறார் முதலில் கொண்டுவரப்படும் மையத்தின் சுவர்களிலிருந்த கார்ட்டூன் ஓவியங்கள் ஜென்ரிக்கின் ஆணைப்படி வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. வரவேற்பளிக்கும் தோற்றம் இருக்கக்கூடாதாம். எல்லைப் பாதுகாப்புக்கு மிக்கி மவுஸ் இடையூறு என்று ஓர் அரசு கருதியது பதிவாகிவிட்டது.

அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் பெரும்பாலும் நடைமுறைக்கே வரவில்லை. 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, 2025ஆம் ஆண்டின் எல்லைப் பாதுகாப்பு, தஞ்சம், குடிவரவுச் சட்டத்தின் மூலம் அகற்றும் கடமை உள்ளிட்ட பல பகுதிகளை நீக்கியது. 2016இல் டப்ஸ் பக்கம் நின்ற ஸ்டார்மர் பிரதமரானார். கூப்பர் 2025 செப்டம்பர் வரை உள்துறை அமைச்சர். இருந்தும் 67ஆம் பிரிவைப் போன்ற புதிய கடமை எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. புதிய சட்டம் கடத்தல் கும்பல்களுக்கு எதிரான குற்றப் பிரிவுகளில்தான் கவனம் செலுத்துகிறது.

பெற்றோர் இல்லாத சட்டம்

இத்தனை வாதங்களிலும் மிகக் குறைவாக முன்னேறியது ஒரு சிறிய விதி. அகதித் தகுதி பெற்ற பெரியவர் தம் துணையையும் பதினெட்டுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளக் குடிவரவு விதிகள் நெடுங்காலம் இடம் தந்தன. அகதித் தகுதி பெற்ற பிள்ளை தன் தாயையோ தந்தையையோ அழைத்துக்கொள்ள இடம் தரவில்லை. அனுமதித்தால் குடும்பங்கள் பிள்ளையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வரும் என்பது எல்லாக் கட்சி அரசுகளும் சொன்ன காரணம். 2016இன் ஈர்ப்பு வாதமே இது. இதற்குத் தேதி நிபந்தனை போன்ற மாற்று எதையும் எந்த அரசும் தேடவில்லை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி உறுப்பினர் ஆங்கஸ் மக்நீலின் தனிநபர் மசோதா 2018 மார்ச்சில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. அதற்கு மேல் சட்டமாகும் அளவுக்கு நகரவில்லை. 2025 செப்டம்பரில் அகதிகளின் குடும்ப இணைப்புக்கான புதிய விண்ணப்பங்கள் பெரியவர்களுக்கும் நிறுத்திவைக்கப்பட்டன.

விதிக்கு வெளியே, ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவைக் காட்டித் தீர்ப்பாயத்துக்குச் சென்ற சில பிள்ளைகள் மட்டும் பெற்றோரைப் பெற்றிருக்கிறார்கள். வழக்கறிஞரும் காலமும் வாய்க்காத மற்றவர்களுக்கு இந்த நாடாளுமன்றம் இன்னும் பதில் கடன்பட்டிருக்கிறது.